வெட்டில்லாத நட்டு

எங்கள் தெருவில் மரை என்றால் ஒரே ஒருவர்தான். ஒற்றை லேத்து போட்டுப் பட்டறை வைத்திருப்பவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும், யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இரும்பில் மரை வெட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பதால் வந்த பட்டம் அது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மரை கழண்டவர் என்பதன் சுருக்கம் அது என்று தெரு நினைத்துக்கொண்டிருந்தது. நான் இரண்டையும் நம்பினேன்.

நான் பக்கத்துக் கடை. வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறேன். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அவர் லேத்து ஓடினால் என் தையல் கோணும். அவர் வாயைத் திறந்தால் என் வாடிக்கையாளர் கைப்பிள்ளை அழும். இதை அவர் காதில் விழுகிற மாதிரியே சொல்லுவேன். வாய் என்று பார்த்தால் நானும் இளைத்தவள் இல்லை, ஆனால் அவருடையது வேறு ரகம்.

அவர் பேர் வாங்கியது கியர் ராடில். மோட்டார் சைக்கிளில் இடது காலால் மிதிக்கிற லீவர் ஓரிடத்தில் இருக்கும், கியர் பெட்டியிலிருந்து வரும் தண்டு இன்னோரிடத்தில் இருக்கும். இரண்டையும் இணைக்கிற குட்டைக் கம்பிதான் கியர் ராடு. உள்ளங்கையில் அடங்கிவிடும். இரண்டு முனையிலும் மரை, மரையில் ஏறிய, குண்டு வைத்துச் சுழலும் பால் ஜாயிண்ட், அது நகராமல் பிடித்துக்கொள்ள ஆளுக்கொரு லாக் நட்டு. இதில் ஒரு முனை வழக்கமான மரை. மறுமுனை இடது மரை, அதாவது எதிர்ப்பக்கமாகச் சுற்றுவது. அப்படி இருந்தால்தான் கம்பியை நடுவில் பிடித்துத் திருகும்போது இரண்டு முனையும் சேர்ந்து உள்ளே வரும், சேர்ந்து வெளியே போகும், லீவரும் நம் காலுக்கு வாகாக ஏறி இறங்கும். இதையெல்லாம் நான் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவர் மற்றவர்களைத் திட்டுவதைக் கேட்டே படித்தது.

ஏனென்றால் அந்த இடது மரை நட்டைக் கழற்றுகிறேன் என்று பாதிப் பேர் இறுக்கித் தொலைப்பார்கள். கை பழகின பக்கம் திருப்புவார்கள், நட்டு அசையாது, துரு பிடித்திருக்கிறது என்று நினைத்து இன்னும் பலமாகத் திருப்புவார்கள். கடைசியில் நட்டின் மூலைகள் மழுங்கி உருண்டையாகிவிடும். இதற்காகவே மற்ற பட்டறைக்காரர்கள் இடது நட்டின் மூலைகளில் அரத்தால் ஒரு சின்ன வெட்டு வைப்பார்கள். வெட்டைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் திருப்பு என்று அர்த்தம். மரை மட்டும் வைக்கமாட்டார்.

"தெரிஞ்சவனுக்கு மரையைப் பாத்தாலே தெரியும். தெரியாதவன் எதுக்கு ஸ்பேனரை எடுக்கிறான்?" என்பார்.

மழுங்கின நட்டோடு எவனாவது வந்துவிட்டால் அன்றைக்குத் தெருவுக்கே வேடிக்கை. அவனைப் பட்டறை வாசலில் நிற்க வைத்து, நட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார்.

"எல்லாரும் ஓடி வாங்க! கழட்டுறேன்னு சொல்லி இறுக்கிக் கொண்டுவந்திருக்காரு மகராசன்! ஏங்க, சட்டைப் பட்டன் நீங்களே போட்டுப்பீங்களா, இல்ல வீட்டுல ஆள் இருக்கா?"

வந்தவன் முகம் செத்துப்போகும். நாங்கள் சிரிப்போம். டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவாமல் நிற்பார். நான் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

அவருக்கு ஒரே தம்பி. அப்பா சீக்கிரமே போய்விட்டதால், மரை மீசை முளைக்கும் முன்பே வேலைக்குப் போய்த் தம்பியை வளர்த்தார். தனக்கு ஒரு கல்யாணம் என்ற நினைப்பு வருவதற்குள் தம்பிக்குக் கல்யாணம் முடிந்து குழந்தையும் பிறந்துவிட்டது. அதன் பிறகு கேட்டவர்களிடம், "லேத்தைக் கட்டிக்கிட்டேன், அது பதில் பேசாது" என்றார். பட்டறைக்குப் பின்னாலேயே ஒரு அறையில் இருந்துகொண்டார். சாப்பாடு தம்பி வீட்டிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் வரும்.

தம்பி மோட்டார் சுற்றுகிறவன். தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் உள்ளே கருகின கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் தருவான். அவன் வந்தால் வார்னிஷ் வாசனை முன்னே வரும். அண்ணனுக்கு நேர் எதிர். அதிர்ந்து பேசமாட்டான். என்னை அக்கா என்று கூப்பிடுவான். அவனுக்கும் அண்ணன் என்றால் உயிர்தான், ஆனால் பட்டறைக்குள் வந்தால் எதையும் தொடமாட்டான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான்.

அவனுடைய மோட்டார் சைக்கிளின் கியர் ராடு தேய்ந்தபோது மரைதான் புதிதாகச் செய்து மாட்டினார். தம்பிக்கென்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்தார். "இது உன் பேரன் காலத்துக்கும் வரும்" என்றார்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் தம்பி செத்துப்போனான். வேலை முடிந்து திரும்பும்போது, இறக்கத்தில், திருப்பத்துக்கு முன்னால் இருக்கிற சின்னப் பாலத்துச் சுவரில் மோதிவிட்டான். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. பார்த்தவர் ஒருவர், வண்டி வேகம் குறையாமலே வந்தது, கியர் விழாத மாதிரி எஞ்சின் மட்டும் சும்மா இரைந்தது என்றார். வண்டியை வேனில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"கியர் ராடு ரெண்டாப் போயிருக்குண்ணே."

மரை குனிந்து பார்க்கவில்லை. தார்ப்பாயை எடுத்து வண்டியை மூடினார். பட்டறையின் கடைசிச் சுவரோரம் தள்ளி நிறுத்தினார். அன்றிலிருந்து கியர் ராடு செய்வதில்லை. கேட்டு வருகிறவர்களை, "அந்த வேலை இங்க கிடையாது" என்று அனுப்பிவிடுவார். தம்பி வீட்டு வாசற்படியையும் மிதிப்பதில்லை. தம்பி மனைவி சமைத்து அனுப்புவதை மட்டும் சாப்பிடுவார், அதையும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து.

தன் கையால் செய்த ராடு உடைந்து தம்பி செத்தான் என்று அவர் நம்பினார். அது உண்மைதானா என்று பார்ப்பதற்கு ஒரு தார்ப்பாயை விலக்கினால் போதும். வருஷக்கணக்கில் விலக்கவில்லை.

"ஒருதரம் பாத்துடுங்களேண்ணே" என்று ஒருமுறை சொன்னேன்.

"பாத்தா தெரிஞ்சிடுமே" என்றார்.

சில நாள் நல்ல பகலில், லேத்து முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே படக்கென்று நிறுத்துவார். நான் எட்டிப் பார்த்தால் தார்ப்பாயைப் பார்த்தபடி நிற்பார்.

"கேட்டுச்சா?"

"என்ன?"

"கியர் விழுந்த சத்தம்."

"ராடே உடைஞ்ச வண்டியில கியர் எப்படிண்ணே விழும்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்" என்பார். அதன் பிறகு எனக்கு ஊசியில் நூல் கோக்க வராது.

இப்படியே இருந்திருப்பார். தம்பி மகள் வளர்ந்து நின்றதுதான் இருக்கவிடவில்லை. நெடுநெடுவென்று இருப்பாள், அப்பாவின் பொறுமையும் பெரியப்பாவின் பிடிவாதமும் கலந்த பெண். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. விடியும் முன்னே போகவேண்டும், அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. ஒருநாள் சாப்பாட்டு அடுக்கை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பெரியப்பா, அப்பா வண்டி எனக்கு வேணும்."

"அது இரும்புக் கடைக்குப் போற வண்டி."

"மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டிட்டேன். நீங்க இரும்பு வாங்கப் போயிருந்தீங்க, சீட் அத்தைதான் திறந்துவிட்டாங்க. எஞ்சின் சரியாயிடுமாம். கியர் ராடு மட்டும் கடையில கிடைக்காதாம், மாடல் பழசாம். யாராவது செஞ்சுதான் தரணுமாம்."

மரை என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் நூல்கண்டைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"நான் செய்யமாட்டேன்மா. என் கையால ஒருத்தன் போனது போதும்."

"சரி, வேற யாராவது செய்யட்டும். எவனோ ஒருத்தன் செஞ்ச ராடுல நான் ஓட்டிக்கிறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கெட்டிக்காரி. எங்கே திருப்பினால் இளகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்று முழுக்க லேத்து ஓடவில்லை. செய்தாலும் பயம், செய்யாவிட்டால் அதைவிடப் பயம். பாவம், எந்தப் பக்கமும் போகமுடியாமல் மனுஷன் ஒரே இடத்தில் நின்றார்.

மறுநாள் மத்தியானம் தகரச் சுவரைத் தட்டினார்.

"சீட்டம்மா, கொஞ்சம் வந்து கூட நில்லு."

போய் நின்றேன். தார்ப்பாயை அவரே இழுத்தார். தூசி அடங்கும்வரை இருமிக்கொண்டிருந்தோம். பிறகு தரையில் படுத்து, உடைந்த ராடின் இரண்டு துண்டையும் கழற்றி எடுத்தார். முனைகளிலிருந்த ஜாயிண்டுகளை எடுத்துவிட்டுத் துணியால் துடைத்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இடது மரை நட்டு ஒன்றை எடுத்து ஒரு முனையில் ஏற்றப் பார்த்தார், ஏறவில்லை. மறுமுனையில் வைத்தார், அதிலும் ஏறவில்லை. சாதாரண நட்டை எடுத்தார். இரண்டு முனையிலும் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"ரெண்டு பக்கமும் ஒரே மரை" என்றார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இது நான் செஞ்ச ராடே இல்ல."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அப்பாடா! இத்தனை வருஷம் வீணா உங்களை நீங்களே..."

"எவன் செஞ்சான்?" என்று கத்தினார். பழைய வாய் திரும்பிவிட்டது. "எந்தக் கழிசடை செஞ்சான்? மரை கோணலா ஏறியிருக்கு பாரு! கையால வெட்டியிருக்கான் நாயி! நீளமும் ஒரு விரற்கடை கம்மி! எவன் பட்டறையில செஞ்சதுன்னு தெரியட்டும், அவன்..."

அதோடு நின்றுவிட்டார். ராடில் முன்பே இருந்த லாக் நட்டுக்கும் மரைக்கும் இடையில், நட்டு கழலாமல் இருக்க எதையோ ஊற்றி உறையவைத்திருந்தார்கள். தேன் நிறத்தில் கண்ணாடி போல ஒரு துளி. நகத்தால் சுரண்டி முகர்ந்தார். என்னிடமும் நீட்டினார். முகரவேண்டிய அவசியமே இல்லை, பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மோட்டார் சுற்றுகிற வார்னிஷ்.

தண்ணீர் மோட்டாரின் இரண்டு மூடியையும் சேர்த்துப் பிடிக்கிற நீள போல்ட்டை அறுத்து, தம்பியே செய்திருக்கிறான். அவன் கடையில் இடது மரை வெட்டும் கருவி ஏது? இரண்டு பக்கமும் சாதாரண மரை போட்டு, அதற்கேற்ற ஜாயிண்டைக் கடையில் வாங்கி மாட்டியிருக்கிறான். லேத்துக்காரனுடைய கூடப்பிறந்தவன், கியர் ராடைத் தானே ரம்பத்தால் அறுத்துச் செய்திருக்கிறான்.

"நான் செஞ்சதுல என்ன குறை கண்டான்?" என்றார் மரை. இப்போது கோபம் இல்லை. குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார். "என்கிட்ட ஏன் வரல?"

பதில் இருக்கிற வீட்டுக்கு நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் துண்டுகளைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

தம்பி மனைவி சமையலறையில் இருந்தாள். அவரைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, "வாங்க மாமா" என்றாள், நேற்றும் வந்துபோனவரிடம் சொல்வது போல. அவர் வாசற்படியிலேயே நின்றார். பிறகு அவர் கண் அவளைத் தாண்டிப் போனது. சமையலறை ஜன்னல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு குட்டைக் கம்பி முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு முனையிலும் ஜாயிண்ட், ஜாயிண்டின் ஓட்டையில் ஆணி. நேரே உள்ளே போய் அதைக் கழற்றினார். ஜன்னல் டமாரென்று சாத்திக்கொண்டது.

அவர் செய்த ராடு. ஒரு கீறல் இல்லை. புகையேறி, எண்ணெய்ப் பிசுக்கோடு, முழுசாக இருந்தது. பேரன் காலத்துக்கும் வரும்தான். ஒரு முனை நட்டு பளிச்சென்று ஆறு மூலையோடு இருந்தது. இடது மரை நட்டு மட்டும் மூலையெல்லாம் மழுங்கி உருண்டுபோயிருந்தது.

"அவருதான் ஜன்னலுக்கு ஆகும்னு மாட்டினாரு. என்ன மாமா, அது முக்கியமான சாமானா?" என்றாள்.

"இதை எதுக்கும்மா கழட்டினான்?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்காகத்தான்" என்றாள். "எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தாரு. சாயங்காலம் தினமும் மைதானத்துல. என் கால் சின்னது, லீவர் எட்டல. கொஞ்சம் கீழே இறக்கணும்னாரு. எவ்வளவோ முயற்சி பண்ணாரு, நட்டு கழலல. மழுங்கிப்போச்சு. அப்புறம்தான் அவரே சின்னதா ஒண்ணு செஞ்சு மாட்டினாரு. அவருக்கு அது காலை இடிக்கும். ஆனாலும் மாத்தாம ஓட்டினாரு, சாயங்காலம் எனக்கு வேணுமேன்னு. நான் வண்டி ஓட்ட ஆசைப்படாம இருந்திருந்தா..." அவளால் முடிக்க முடியவில்லை.

ஆக அந்த வீட்டிலும் ஒருத்தி இத்தனை வருஷமாகத் தன்னைத்தானே அறுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவள் அனுப்பின சோற்றை அவர் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறார். ஒருவருக்கொருவர் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது.

"உன்மேல தப்பு இல்லம்மா" என்றார் மரை. "உடைஞ்சதால விழுந்தானா, விழுந்ததால உடைஞ்சதான்னு இனிமே யாராலயும் சொல்லமுடியாது. ஆனா நட்டு கழலலன்னா என்கிட்ட வந்திருக்கலாமே. ஒரு நிமிஷ வேலை."

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"வந்தாரு மாமா" என்றாள். "இதைக் கையில எடுத்துக்கிட்டு உங்க பட்டறை வாசல் வரைக்கும் வந்தாரு. நீங்க உள்ள யாரையோ நிக்கவெச்சுத் திட்டிக்கிட்டு இருந்தீங்களாம், இதே மாதிரி நட்டை மழுக்கினதுக்கு. தெருவே சிரிச்சுதாம். கொஞ்ச நேரம் நின்னுட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. 'அண்ணன்கிட்ட போனா மானம் போயிடும், நானே பாத்துக்கிறேன்'னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. கோவமா சொல்லல மாமா."

மரை அந்த ராடைத் திரும்ப ஜன்னலில் மாட்டப் பார்த்தார். ஆணி ஓட்டைக்குள் போகவில்லை. நான் வாங்கி மாட்டினேன். அன்று தெருவோடு சேர்ந்து சிரித்தவர்களில் நானும் இருந்திருப்பேன். எந்த நாள் என்று நினைவில்லை. அப்படிச் சிரித்த நாள் அத்தனை உண்டு.

புது ராடை அவர் செய்தார். நல்ல எஃகில், ஒரு பக்கம் சாதாரண மரை, மறுபக்கம் இடது மரை. அதைச் செய்கிறவரை அவர் பட்டறையிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. கடைசியில் அரம் போடுகிற சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து, சின்னச் சின்னதாக. எட்டிப் பார்த்தேன். இடது நட்டின் ஒவ்வொரு மூலையிலும் வெட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, வழக்கம் இல்லாத வழக்கமா?"

"தெரியாதவனுக்கும் கால் இருக்குல்ல" என்றார்.

மெக்கானிக் மற்றதையெல்லாம் சரிசெய்து முடித்த அன்று தம்பி மகள் வந்தாள். ராடை மாட்டி, அவளை வண்டிமேல் உட்காரவைத்து, ஸ்பேனரை அவள் கையிலேயே கொடுத்தார்.

"லீவர் உசரத்தை நீயே வை. உன் கால் உனக்குத்தான் தெரியும்."

அவள் இறங்கிக் குனிந்து, வெட்டு வைத்த நட்டில் ஸ்பேனரைப் போட்டு, மூச்சைப் பிடித்துத் திருப்பினாள். தப்பான பக்கம். ஸ்பேனர் வழுக்கிக் கணீரென்று தரையில் விழுந்தது. டீக்கடைக்காரர் கிளாசோடு நின்றார். நான் மிஷினை நிறுத்தினேன். மரையின் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன், வாய் திறந்ததையும் பார்த்தேன். திறந்த வாய் அப்படியே இருந்தது. பிறகு அவர் மெதுவாகக் குனிந்து ஸ்பேனரை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"வெட்டு இருந்தா எதிர்ப்பக்கம்மா" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "எல்லாருக்கும் முதல்ல தப்பாத்தான் வரும்."

"ஓ" என்றாள் அவள். இரண்டாவது முறை சரியாகத் திருப்பினாள். லீவர் அவள் காலுக்கு வந்தது. உதைத்தாள், வண்டி கிளம்பியது, கியர் டக்கென்று விழுந்தது. இந்த முறை எனக்கும் கேட்டது. அவள் தெருமுனை திரும்பி மறையும்வரை அவர் அசையவில்லை.

இப்போது மரை பழையபடி கியர் ராடு செய்கிறார். எல்லா இடது நட்டிலும் வெட்டு வைக்கிறார். மழுங்கின நட்டோடு வருகிறவர்களுக்கு ஒன்றும் பேசாமல் கழற்றிக் கொடுக்கிறார். தெருவுக்குச் சுவாரசியமே போய்விட்டது என்று டீக்கடைக்காரருக்கு வருத்தம். தம்பி வீட்டுக்கும் போய்ச் சாப்பிடுகிறார், ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து.

"இப்பவும் கேக்குதாண்ணே, அந்தக் கியர் சத்தம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது நின்னுபோச்சு."

"நல்லதாப் போச்சு."

"இப்ப செருப்புச் சத்தம் கேக்குது" என்றார். "வாசல் வரைக்கும் வருது. கொஞ்ச நேரம் நிக்குது. அப்புறம் திரும்பிப் போயிடுது."

அதனால்தான் யார் நிழல் வாசலில் பட்டாலும் லேத்தை நிறுத்திவிட்டு, "யாருப்பா? உள்ள வா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்கிறார். தபால்காரரையும் கூப்பிட்டிருக்கிறார், ஒருமுறை ஒரு நாயையும் கூப்பிட்டார். புதிதாக வந்த கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள். வாசலில் யாருமே இல்லாத நாட்களும் உண்டு. அன்றும் லேத்து நிற்கிறது, அன்றும் கூப்பிடுகிறார். ஒருவர் பதில் சொல்லும் அளவுக்குக் காத்திருந்துவிட்டு, மறுபடி ஓட்டுகிறார்.